தங்கபாயும் கொல்லம் ரோடும்

ராஜபாளையம் பக்கம் லாரி ஓட்டியவர்களிடம் பனையடிப்பட்டி விலக்கு என்று சொன்னால், "அந்தப் பஞ்சர்க்கடைப் பொம்பளை இருந்த எடமா?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே முகம் சுளிக்கும். தங்கபாய் அதற்கெல்லாம் வருத்தப்பட்டவள் இல்லை. அவளுக்கும் லாரிக்காரர்கள் மேல் பிரியம் கிடையாது. அவளுக்குப் பிடித்த ஒரே லாரிக்காரன் அவள் புருஷன்தான். அவனையும் கொல்லம் ரோடு பாதி ஆளாக்கித்தான் வீட்டுக்கு அனுப்பியது.

நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து பால்துரைக்கு வாழ்க்கைப்பட்டு அவள் ராஜபாளையம் வந்தாள். பால்துரை மில் நூலை ஏற்றிக்கொண்டு கொல்லம் போவான். திரும்பும்போது ஓடோ கயிறோ ஏற்றி வருவான். கூடவே வைகுண்டராஜ் என்று ஒரு கிளீனர். ஒல்லியான உடம்பு, எப்போதும் சிரித்த முகம். ட்ரிப் முடிந்து வந்தால் இரண்டு பேருக்கும் தங்கபாய்தான் சோறு போடுவாள். "மதினி ரசம் குடிச்சாத்தான் மலை எறங்குன மாதிரி இருக்கு" என்பான் வைகுண்டராஜ். அவளும் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகிற அந்த ரோட்டில் அப்போது ஒரு லாரி போகிற அகலத்துக்குத்தான் தார் இருந்தது. எதிரே இன்னொன்று வந்தால் இரண்டு பேரில் ஒருவன் இடதுபக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். நீ இறங்கு, நான் இறங்கு என்று மூஞ்சிக்கு மூஞ்சி வண்டியை நிறுத்தி வம்பளந்தவர்கள் உண்டு. பால்துரை வம்புக்குப் போகாதவன். எப்போதும் அவன்தான் இறக்குவான்.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில், வாசுதேவநல்லூருக்கு இந்தப் பக்கம், அப்படி ஒரு லாரிக்கு வழி விட்டு இறக்கினான். ஊறிக் கிடந்த மண் உள்வாங்கியது. நூல் மூட்டையோடு வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. வைகுண்டராஜ் முழங்கைச் சிராய்ப்போடு வெளியே குதித்தான். பால்துரையின் வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகள் ரத்தினம் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

போலீஸ் விசாரித்தபோது வைகுண்டராஜ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "அண்ணாச்சி கண்ணசந்துட்டாவ."

டிரைவர் தூங்கிவிட்டான் என்றால் லாரி முதலாளிக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்கப் போன தங்கபாயை லாரி ஆபீசில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அடுத்த மாதமே முதலாளியின் இன்னொரு லாரியில் வைகுண்டராஜ் டிரைவராக உட்கார்ந்துவிட்டான். தங்கபாய் அவனை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தாள்.

"ஏலே வைகுண்டம், அவிய தூங்குனதை நீ பார்த்தியா?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு அப்படித்தான் தோணுச்சு, மதினி."

"பார்த்தியா, தோணுச்சா? ஒண்ணு சொல்லு."

"மொதலாளி கேட்டாரு, போலீசும் கேட்டாக. நான் என்ன செய்ய முடியும்?"

"நான் போட்ட சோறு செரிக்குமுன்னே சொல்லிட்டியேலே!" என்றாள். பஸ் ஏற நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவனை விட்டு வந்தவள், அதற்குப் பிறகு அவனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

வீட்டில் பால்துரையிடமும் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. தூங்குனீயளா?"

அவன் கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "தெரியல தங்கம். எதுத்த வண்டி வெளிச்சம் கண்ணுல அடிச்சது ஞாபகம் இருக்கு. சக்கரம் பொதஞ்சது ஞாபகம் இருக்கு. நடுவுல என்னன்னு தெரியல."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவளால் வாழ முடியாது. அதனால் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். ரோடு சிறுத்துக் கிடந்ததுதான் காரணம். அகலமாக இருந்திருந்தால் அவன் மண்ணில் இறக்கியிருக்கவே வேண்டாம். இந்த முடிவு அவளுக்குள் வேர்விட்டு நின்றுவிட்டது.

பால்துரைக்குச் சொந்த ஊர் பனையடிப்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் அவனுக்கு ஒரு துண்டு இடம் கிடந்தது. அங்கே ஓலைக் கொட்டகை போட்டுப் பஞ்சர்க்கடை வைத்தார்கள். தூத்துக்குடியில் வேலை பார்த்த தங்கபாயின் அண்ணன் ஒரு பழைய கம்ப்ரெஸரை அனுப்பி வைத்தார். பால்துரை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லுவான், அவள் செய்வாள். முதலில் சம்மட்டி தூக்கவே தோள் கழன்றது. ஆறு மாதத்தில் லாரிச் சக்கரத்தைத் தனியாக உருட்டிக்கொண்டு வருகிற அளவுக்குக் கை முறுக்கேறிவிட்டது. "பொம்பளை போட்ட பஞ்சரு தென்காசி வரைக்கும் தாங்குமா?" என்று கேட்ட டிரைவர்களிடம், "தாங்காட்டி உருட்டிக்கிட்டே போ" என்பாள். சிரித்துப் பேசி வியாபாரம் பண்ணத் தெரியாது. இருந்தாலும் கடை ஓடியது. தார் விளிம்பு கத்தி மாதிரி டயரை அறுத்துக்கொண்டிருந்தவரை கடை ஓடத்தான் செய்யும்.

ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்க வந்தபோது, ஊரில் அதற்கு ஆதரவாக நின்றது அவள் ஒருத்திதான். ஓரத்து நிலக்காரர்கள் அளவுக்கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். உக்கிரபாண்டிதான் அதில் முன்னால் நின்றவன். அவனுடைய தென்னைகள் நாலைந்து போகவேண்டியிருந்தது. தங்கபாய் அவனோடு நடுரோட்டில் மல்லுக்கு நின்றாள்.

"ஒனக்குத் தென்னை பெருசாப் போச்சோ? என் வீட்டுல கால் போயிருக்கு!"

"ஒன் புருசன் காலுக்கு நான் எதுக்குத் தென்னையைக் குடுக்கணும்?"

"இன்னொருத்தன் புருசன் காலு போகாம இருக்கணும்னா குடுக்கத்தான் வேணும்."

கடைக் கொட்டகையை அவளே பிரித்துப் பின்னால் தள்ளிப் போட்டாள். எல்லோரும் அவளைத் திட்டினார்கள். டயர் அறுபடாத ரோடு வந்தால் கடைக்கு வேலை குறையும் என்று பால்துரையே சொன்னான். "கொறையட்டும்" என்றாள்.

தொண்ணூறில் வேலை தொடங்கி, தொண்ணூற்றிரண்டில் முடிந்தது. இரண்டு லாரிகள் உரசாமல் எதிரும் புதிருமாகப் போகிற அளவுக்குத் தார் விரிந்தது. அதன்பிறகு வந்த மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களும் பார்த்திருப்பார்கள். மில்களில் புதுக் கட்டடம் எழும்பியது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் தறிமேல் தறி போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சூடு ஆறுமுன்னே மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. இருட்டும்போது ஏற்றிய சரக்கு விடியும்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்தது. வைகுண்டராஜ் முன்பே கடன் வாங்கி ஒரு லாரி எடுத்திருந்தான், அது இரண்டாகி, ஆறாகி, லாரி உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளரும் ஆகிவிட்டான். ஒல்லி உடம்பில் தொப்பை விழுந்தது. வெள்ளைச் சட்டைப் பையில் தங்கப்பேனா.

பனையடிப்பட்டிக்கு வந்தது வேகம் மட்டும்தான். வீடுகள் ரோட்டுக்குக் கிழக்கே இருந்தன. குடிதண்ணீர்க் கிணறு, கண்மாய், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் மேற்கே. முன்பெல்லாம் மாட்டுவண்டி மாதிரி ஆடி அசைந்து வந்த லாரிகள் இப்போது காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ரோட்டைக் கடக்க நிற்கிறவர்களின் சேலையை அந்தக் காற்றே இழுத்துவிடும். முதலில் ஆடுகள் செத்தன. பிறகு கண்மாய்க்குப் போன கிழவர் ஒருவர். தங்கபாய் தன் கடை வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ரோடு வேண்டும் என்று கேட்டவள் அவள். என்ன சொல்லித் திறப்பாள்?

தொண்ணூற்று மூன்று கோடையில் பாலம்மாள் செத்தாள். அடுத்த வீட்டுக்காரி. தங்கபாயின் கடுகடுப்பைப் பொருட்படுத்தாமல் அவளோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டவள் ஊரில் அவள் ஒருத்திதான். உச்சி வெயிலில் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். தங்கபாய் டயரிலிருந்து நிமிர்ந்து, "ஏட்டி, செத்த நில்லு" என்று கத்தினாள். அது பாலம்மாள் காதில் விழுந்ததா, இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். லாரி நிற்கவில்லை. குடம் ரோட்டின் அந்தப் பக்கம் போய் விழுந்தது. தங்கபாய் ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்தபோது உயிர் இல்லை. தண்ணீரும் இரத்தமும் கலந்து புதுத் தாரில் ஓடியது. சுட்ட தாரில் சற்று நேரத்தில் காய்ந்தும் போனது.

யார் லாரி என்று கடைசிவரை தெரியவில்லை. தங்கபாய்க்கு மட்டும் தெரிந்தது. "அந்தப் பச்சை பாடி வைகுண்டம் வண்டிதான்" என்றாள்.

வேகத்தடை கேட்டு நெடுஞ்சாலை ஆபீசுக்கு ஊரே போனது. "மெயின் ரோட்டில் அப்படியெல்லாம் போட முடியாதும்மா. போக்குவரத்து கெடும்" என்றார் அங்கிருந்த எஞ்சினியர். "போக்குவரத்துதான் கெடும். நாங்க செத்தே போறோமே" என்றாள் தங்கபாய். அவர் மணியடித்து அடுத்தவரை வரச் சொன்னார்.

அந்த வாரமே ஊர்க்காரர்கள் தாங்களே போட்டுவிட்டார்கள். ரோடு போட்ட காண்ட்ராக்டர் விட்டுப்போன ஜல்லி, உருக்கிய தார், வண்டல்மண் எல்லாவற்றையும் குவித்து, ஆளும் பேருமாக மிதித்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினார்கள். உக்கிரபாண்டிதான் மேஸ்திரி. தென்னை விஷயத்தில் சண்டை போட்டவளோடு சேர்ந்து கல் சுமந்தான். மறுநாளே ஒரு லாரி அச்சு முறிந்து அங்கே படுத்துவிட்டது. அதற்கடுத்த நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. வைகுண்டராஜ் இறங்கினான். பின்னாலேயே இரண்டு லாரி முதலாளிகள்.

"மதினி, சவுக்கியமா?" என்றான்.

"மதினின்னு கூப்பிட்ட வாயிதான் போலீசுல போயி வேற பேசிச்சே. வந்த சோலியச் சொல்லு."

வைகுண்டராஜ் பெஞ்சில் இருந்த பால்துரையைப் பார்த்துக் கும்பிட்டான். பால்துரை தலையாட்டினான். அதுவும் தங்கபாய்க்குப் பிடிக்கவில்லை.

"இந்த மேட்டை எடுத்துருங்க. மரியாதையாச் சொல்லுதேன். இந்த ரோட்டை நம்பி எம்புட்டுக் குடும்பம் இருக்கு தெரியுமா? மில்லுல ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுக்கான். இந்த ஊர்ப் பயலுவளே பத்துப் பேரு அங்க போறாங்க. சரக்கு கப்பலுக்கு நேரத்துக்குப் போகலைன்னா வாங்குதவன் வேற ஊருக்குப் போயிருவான். பொறவு மில்லும் கெடையாது, தறியும் கெடையாது. ஒரு ஊருக்காக அம்புட்டுப் பேரும் நிக்கணுமா?"

"பாலம்மா செத்துட்டா."

"அதுக்கு டிரைவரைப் பிடிங்க. ரோட்டை ஏன் பிடிக்கீக?"

"ஒன் வண்டிதாம்லே அடிச்சது! பச்சை பாடி!"

வைகுண்டராஜ் ஒரு எட்டு முன்னால் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "நீங்க பார்த்தீகளா, மதினி? இல்ல, தோணுச்சா?"

அவள் கையில் டயர் நெம்புகிற இரும்பு லெவர் இருந்தது. அது உயர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "தங்கம், கீழ போடு" என்றான் பால்துரை. ஊன்றுகோலை எடுக்கக்கூட நேரமில்லாமல் ஒற்றைக்காலில் எழுந்து நின்றுவிட்டான். அவள் லெவரைப் போட்டாள். ஆனால் வைகுண்டராஜின் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். துப்பல் சட்டைப் பையில் விழுந்தது.

வைகுண்டராஜ் கைக்குட்டையால் துடைத்தான். ஜீப்பில் ஏறப்போனவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். "வண்டி மெதுவாப் போனா யாருக்கு லாபம்னு கொஞ்சம் யோசிங்கய்யா. மேடு எந்தக் கடைக்கு முன்னால இருக்குன்னும் பாருங்க." அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் அந்தப் பேச்சு ஊருக்குள் இறங்கிவிட்டது. மேடு வந்த பிறகு அங்கே மெதுவாகிற லாரிகள் நிற்கத்தான் செய்தன. காற்றுப் பிடிக்க, தண்ணீர் குடிக்க, சக்கரத்தைத் தட்டிப் பார்க்க. கடையில் கூட்டம் கூடியது உண்மை. இரண்டு நாள் கழித்து ஊர்க் கூட்டத்தில் உக்கிரபாண்டி வாயைத் திறந்தான்.

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல? அன்னைக்கு ரோடு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவளும் இவதான். இன்னைக்கு மேடு வேணும்னு நிக்கிறவளும் இவதான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவனுக்கே உறைத்தது. "ஒத்தக்கால்ல நிக்குதவன் நான்லா" என்றான் பால்துரை. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தங்கபாய் கடையைப் பிரித்தாள். பால்துரை பெஞ்சை விட்டு எழ மாட்டேன் என்றான்.

"ஒன் ரோசத்துக்கு என் எடத்தைக் காலி பண்ணச் சொல்லுதியா? நாம எங்கட்டி போறது?"

"ராஜபாளையத்துல பஞ்சுப்பேட்டைக்குப் பக்கம் ஒரு ரூம் கெடக்கு. அங்க."

"அங்க பத்துக் கடை இருக்கு. நம்மளை எவன் தேடுவான்?"

"தேடாட்டி போறான். பாலம்மா சாவுல நான் யாவாரம் பண்ணுதேன்னு இன்னொருத்தன் வாயால கேக்க மாட்டேன்."

"நீ இல்லைன்னா இவனுவ இந்த மேட்டைக் காப்பாத்துவானுவளா?"

அவள் கம்ப்ரெஸரைக் கயிறு கட்டி மாட்டுவண்டியில் ஏற்றினாள். பால்துரை அவளோடு முகம் கொடுத்துப் பேச ஆடி மாதக் காற்று வரவேண்டியிருந்தது.

கடை போனதும் ஊர் வாயடைத்துப் போனது. வெட்கமோ என்னவோ, அதற்குப் பிறகு மேட்டை யாரையும் தொட விடவில்லை. புல்டோசர் வந்து இடித்தால் மறுநாள் மறுபடி கட்டினார்கள். கடைசியில் ஒரு நாள் ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. தங்கபாயும் ராஜபாளையத்திலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் வரைக்கும், அந்தப் பக்கம் ராஜபாளையம் வரைக்கும் வண்டிகள் நின்றுவிட்டன. மாந்தோப்புக்குக் காரில் போய்க்கொண்டிருந்த ராஜு வகுப்புக்காரர் ஒருவர், "ஏமி ராஜ்ஜியம்ரா இதி" என்று தெலுங்கில் முனகிக்கொண்டே திரும்பிப் போனார். பொழுது சாயும் நேரத்தில் தாசில்தார் வந்தார். முறையான வேகத்தடை இரண்டு, பள்ளிக்கூட எச்சரிக்கைப் பலகை ஒன்று. ஒத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் போட்டும் விட்டார்கள், வெள்ளைக்கோடு எல்லாம் இழுத்து.

பஞ்சுப்பேட்டைக் கடை மெள்ளத்தான் நிமிர்ந்தது. வைகுண்டராஜின் வண்டிகளுக்கு அங்கே காற்றுக்கூடக் கிடையாது. தெரியாமல் வந்து நிறுத்துகிற டிரைவர்களிடம், "ஒங்க மொதலாளி பேரைச் சொல்லிட்டு அப்படியே போயிரு" என்பாள். தட்டையான டயரோடு அடுத்த கடைக்கு ஊர்ந்து போன வண்டிகள் உண்டு. அதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மகள் ரத்தினம் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு நல்ல செயற்கைக்கால் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ரோட்டை வைத்துச் சண்டை வராத வாரம் கிடையாது.

"ஒரு லோடு லேட்டானா எங்க கம்பெனிக்கு என்ன ஆகும்னு தெரியுமாம்மா? ரோடு இல்லன்னா எனக்கு வேலையே இல்ல."

"ரோடு வேணாம்னு நான் எப்பட்டி சொன்னேன்?"

"பொறவு என்ன சொல்லுத?"

"மெதுவாப் போன்னு சொல்லுதேன். அம்புட்டுதான்."

"மெதுவாப் போனா எவனும் முன்னேற முடியாது."

"முன்னேறுதவன் சக்கரத்துக்குக் கீழ நீ சித்தின்னு கூப்பிட்ட பாலம்மா கெடந்தாளே, அவளைத் தாண்டித்தான் முன்னேறணுமா?" என்பாள் தங்கபாய். ரத்தினம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதில், இந்த ரோடு தேசிய நெடுஞ்சாலை ஆகிறது என்றார்கள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை இருக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். பனையடிப்பட்டியில் மேட்டைச் சுரண்ட மெஷின் வருகிறது என்று காய்கறிக்காரி ஒருத்தி வந்து சொன்னதும், தங்கபாய் கடையைப் பால்துரையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

விலக்கில் இறங்கியபோது அவளுக்கே ஊர் அடையாளம் தெரியவில்லை. அவள் கொட்டகை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க். உக்கிரபாண்டி மிச்சத் தென்னைகளையும் வெட்டிவிட்டு வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தான். கண்மாய்க்கரை முழுக்க பிளாட் போட்டுக் கொடி நட்டிருந்தார்கள். மெஷின் தயாராக நின்றது. ஊர்க்காரர்கள் கடை நிழலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க உக்காருவோம்" என்றாள்.

யாரும் அசையவில்லை. உக்கிரபாண்டிதான் பேசினான். "விடு தாயி. பெரிய ரோடு வந்தாத்தான் எடத்துக்கு மதிப்பு. எல்லாரும் ரெண்டு காசு பார்க்கிற நேரம். நீ ஒருத்தி எதுக்கு மல்லுக்கட்டுற?"

"பாலம்மா புருசன் எங்க?"

"திருப்பூர் போயி வருசம் ரெண்டாச்சு."

தங்கபாய் போய் வேகத்தடையின் மேல் தனியாக உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மெஷின்காரன் ஹாரன் அடித்தான். போலீஸ் வந்தது. "எழுந்திரும்மா" என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பெண் போலீஸ் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது அவள் கடை நிழலில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாருமே அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வேன் கிளம்புமுன்னே மெஷின் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வைகுண்டராஜ் வந்தான். தலை நரைத்துப் போயிருந்தது. இன்ஸ்பெக்டரிடம் ஏதோ பேசிவிட்டு அவளிடம் வந்தான்.

"வாங்க மதினி. பேசிட்டேன். கேசு இல்லை. வண்டி வெளிய நிக்குது. அண்ணாச்சி தேடுவாவ."

"ஒன்னை யாரு பேசச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பழகுன பழக்கம்."

"அந்தப் பழக்கத்துக்குத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னியோ?"

"எல்லாருக்கும் வயிறு இருந்துச்சு, மதினி" என்றான்.

தங்கபாய் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவன் பேசி என்னை விடுததா இருந்தா நான் போகல. கேசு போடுங்க. உள்ள வைங்க."

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வைகுண்டராஜ் போன பிறகும் அவள் பெஞ்சிலேயே இருந்தாள். பொழுது இறங்கும்போது ரத்தினம் கம்பெனியிலிருந்து நேரே ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது. திட்டப்போகிறாள் என்று தங்கபாய் நினைத்தாள். அவள் திட்டத்தான் செய்தாள், ஆனால் போலீசை. "ஐம்பது வயசுப் பொம்பளையத் தூக்கிட்டு வாரீகளே, சோறு வாங்கிக் குடுத்தீகளா?" என்று ஸ்டேஷன் அதிரக் கேட்டாள். அப்புறம் கையெழுத்துப் போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "நாளைக்கும் போவியா?" என்று கேட்டாள். "மேடுதான் போச்சே, எங்க போயி உக்கார?" என்றாள் தங்கபாய்.

அந்த வருஷம் கழியுமுன்னே ஒரு காலையில் உக்கிரபாண்டி பஞ்சுப்பேட்டைக் கடைக்கு வந்தான். புது மோட்டார் சைக்கிள். முகத்தில் நாலு நாள் தாடி. தங்கபாய் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அய்யம்மாளை வண்டி அடிச்சுருச்சு" என்றான். அய்யம்மாள் அவன் பெண்டாட்டி. "கடை வாசல்லயே. இடுப்பெலும்பு போச்சு."

தங்கபாயின் கை நின்றது. "உசுரு?"

"இருக்கு. கம்பி வச்சிருக்காக. நடக்கிறது கஷ்டம்னு சொல்றாக." அவன் வண்டிச் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்தான். "நாளைக்கு ரோட்டுல உக்காரப்போறோம். நீ வந்தாத்தான் நாலு பேரு உக்காருவாக."

"அன்னைக்கு நான் உக்காந்தப்ப நீ எங்க நின்ன?"

"எதுத்தாப்புல."

"என்ன செஞ்ச?"

உக்கிரபாண்டி மோட்டார் சைக்கிள் சாவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "பார்த்துக்கிட்டு நின்னேன்."

பெஞ்சில் இருந்த பால்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வாரேன்" என்றாள். "ஒனக்காக இல்ல. ஒன் மூஞ்சிக்காக நான் வாசல்படி எறங்க மாட்டேன். அய்யம்மாளுக்காக வாரேன்."

"காலையில நான் வந்து வண்டியில கூட்டிக்கிட்டுப் போறேன்."

"வேண்டாம். பஸ்ஸுல வருவேன். ஒன் வண்டியில ஏற மாட்டேன்."

உக்கிரபாண்டி போகாமல் நின்றான். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவன் மாதிரி வாய் அசைந்தது. அவள் கம்ப்ரெஸரைப் போட்டுவிட்டாள். அது எழுப்பிய இரைச்சலில் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் அவளுக்கு மனசில்லை.